கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் கணவர்: என் கிரீன் கார்டு போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 31. 2022 ஆகஸ்டில் திருமணம். கணவர் அமெரிக்கக் குடிமகன். விசா கிடைத்து 2023 நவம்பர் 14-ஆம் தேதி கலிபோர்னியா வந்து இறங்கினேன். தபாலில் வந்த கிரீன் கார்டில் 2025 நவம்பர் 14 வரை என்று இருக்கிறது. எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பிப்ரவரியிலிருந்து தோழி வீட்டில் இருக்கிறேன். ஜூன் 20-ஆம் தேதி ஒருவர் வந்து கோர்ட் காகிதங்களைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். 'நான் ஒரு போன் போட்டால் உன் கார்டு கேன்சல்' என்கிறார். சமாதானம் பேச வந்த அவருடைய அக்கா, நகையையும் ஜீவனாம்சத்தையும் விட்டுக்கொடுத்தால் கிரீன் கார்டு படிவத்தில் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என் சித்தப்பாவோ, 'நவம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய் இரு, சேர்ந்து வாழ்வதாகக் காட்டிக்கொள்' என்கிறார். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில். என் பாஸ்போர்ட்கூட அவரிடம்தான் இருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். அதுவும் போய்விடுமா? டிசம்பர் கடைசியில் தம்பி கல்யாணம். போய்விட்டுத் திரும்பி வர முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த போன் விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் கணவர் எத்தனை போன் போட்டாலும் உங்கள் கார்டு கேன்சல் ஆகாது. விசாவுக்கு மனுப் போட்டது அவர்தான். ஆனால் நீங்கள் விமான நிலையத்தில் முத்திரை வாங்கி உள்ளே வந்த நிமிடத்திலிருந்து நிரந்தரக் குடியிருப்பு என்பது உங்களுடையது. நீங்கள் எதிர்த்து நின்றால், இமிகிரேஷன் நீதிபதி ஒருவர் விசாரித்து உத்தரவு போடாமல் அதைப் பறிக்க முடியாது. அவர் புகார்க் கடிதம் எழுதலாம், எழுதட்டும். அது உங்கள் கோப்பில் போய்ச் சேரும். அதிகாரி அதை வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கப் பார்த்தால் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். நீங்களும் பதில் சொல்லலாம்.

இந்த மிரட்டலை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். சொல்கிறவர்களில் பாதிப்பேர் அதை உண்மை என்றே நம்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

உங்கள் கார்டு ஏன் இரண்டே வருடத்துக்கு வந்தது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். 1986-இல் அமெரிக்காவில் திருமண மோசடியைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குடியிருப்பு கிடைக்கும் நாளில் திருமணம் ஆகி இரண்டு வருடம் நிறையவில்லை என்றால், நிபந்தனையுடன் கூடிய கார்டுதான் தருவார்கள். உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள், 'சி.ஆர்' என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். இரண்டு வருடம் முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற படிவத்தைக் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினால் நிபந்தனையை நீக்கிப் பத்து வருட கார்டு கொடுப்பார்கள். உங்களுக்கு அந்த 90 நாள் ஆகஸ்ட் 16-இல் தொடங்குகிறது. உங்கள் நாத்தனார் விலை பேசுவது இந்தக் கையெழுத்துக்குத்தான்.

அதே சட்டத்தில் 'வேவர்', அதாவது கூட்டுக் கையெழுத்திலிருந்து விலக்கு, என்று ஒரு வழி இருப்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை, அல்லது அவருக்கே தெரியாது. திருமணம் உண்மையாகத்தான் நடந்தது, பிறகு விவாகரத்தில் முடிந்துவிட்டது என்றால், கணவரின் கையெழுத்தே இல்லாமல் நீங்கள் தனியாக அதே ஐ-751-ஐப் போடலாம். முறிவுக்கு யார் காரணம் என்று அதிகாரி பார்ப்பதில்லை. முதலில் அப்படி இருக்கவில்லை. தகுந்த காரணத்தோடு தானே விவாகரத்து கேட்டுப் பெற்றவருக்குத்தான் இந்த வழி என்று 1986-இல் எழுதி வைத்திருந்தார்கள். 1990-இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆகவே மனுப் போட்டது அவர் என்பதால் உங்களுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தாலி கட்டிய அன்று சேர்ந்து வாழும் எண்ணத்தோடு கட்டிக்கொண்டீர்களா, கார்டுக்காகவா?

ஆகவே நகையைக் கொடுத்து வாங்க வேண்டிய கையெழுத்து அது இல்லை. நாத்தனாரிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள், அந்தப் பேச்சு வேண்டாம் என்று. அப்படிப் பேசிய வாட்ஸாப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள்.

அவராகவே மனம் மாறிக் கையெழுத்துப் போட முன்வந்தால்? போடலாம். தீர்ப்பு வரும்வரை சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். பிரிந்திருக்கிறோம், வழக்கு நடக்கிறது என்பதை மறைக்காமல் எழுதி இருவருமாக அனுப்பலாம். பிறகு தீர்ப்பு வந்ததும் அதே மனுவை வேவராக மாற்றும்படி கேட்டுக்கொள்ளலாம். புதிதாக இன்னொரு மனுவோ கட்டணமோ தேவையில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்லதற்குத்தான் சொல்கிறார், ஆனால் ஆபத்தான யோசனை. பிரிந்த பிறகு சேர்ந்து வாழ்வதாக நடித்து மனுப் போட்டால், இதுவரை சுத்தமாக இருக்கும் உங்கள் கோப்பில் முதல் பொய் ஏறும். திருமணம் மோசடி என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால், பிற்காலத்தில் யார் உங்களுக்காக மனுப் போட்டாலும் நிராகரிப்பார்கள். அதற்குக் கால வரம்பே கிடையாது. குற்ற வழக்கானால் ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். உண்மையில் வாழ்ந்த ஒரு திருமணத்தைப் பொய்யால் முட்டுக் கொடுத்து மோசடி மாதிரி ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி உங்கள் வழக்கில் உண்மையிலேயே சிக்கலான இடம். தேதிகள்.

வேவருக்கு விவாகரத்து முடிந்திருக்க வேண்டும். ஆனால் கலிபோர்னியாவில் காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் கழியாமல் எந்த நீதிபதியும் திருமணத்தை முடித்துவைக்க முடியாது. ஜூன் 20-இல் வாங்கினீர்கள். டிசம்பர் 21-க்கு முன்னால் தீர்ப்பு நடைமுறைக்கு வராது. கார்டு முடிவதோ நவம்பர் 14. நடுவில் ஐந்து வாரம் இடிக்கிறது.

பலர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். தீர்ப்பு வரட்டும், அப்புறம் போடலாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். வேவரை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்பது உண்மைதான், அதற்கு 90 நாள் கணக்கு இல்லை. ஆனால் கார்டு காலாவதியாகி, கையில் ரசீதும் இல்லாமல் இருக்கும் ஐந்து வாரத்தில் உங்கள் குடியிருப்பு முடிந்ததாகவே கருதுவார்கள். வேலையிடத்தில் காட்டக் காகிதம் இருக்காது. இமிகிரேஷன் கோர்ட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தாலும் வரும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நவம்பர் 14-க்கு முன்பே, முடிந்தால் அக்டோபர் தொடக்கத்திலேயே, வேவரை அனுப்பிவிடுவேன். மேலே ஒரு பக்கக் கடிதம்: விவாகரத்து வழக்கு நடக்கிறது, வழக்கு எண் இது, சட்டப்படி டிசம்பர் 21-க்கு முன்பு தீர்ப்பு வர வாய்ப்பில்லை, வந்ததும் அனுப்புகிறேன் என்று. அதனுடன் கோர்ட் முத்திரை போட்ட மனுவின் நகல். படிவத்தில் எந்தக் கட்டத்தை டிக் செய்தாலும் இந்தக் கடிதம் உண்மை நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தீர்ப்பு இல்லையே என்று அதிகாரி உடனே தள்ளிவிட மாட்டார். அதைக் கேட்டுக் கடிதம் அனுப்புவார், ஆர்.எஃப்.இ. என்பார்கள். பதில் அனுப்ப வழக்கமாக 87 நாள் கிடைக்கும். இந்த மனுக்கள் நகரும் வேகத்தைப் பார்த்தால், அந்தக் கடிதம் வரும்போது தீர்ப்பு உங்கள் கையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 750 டாலர். மனு போய்ச் சேர்ந்ததும் வரும் ரசீதுக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் போட்டிருக்கும் தேதிக்கு மேல் 48 மாதம் அது செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2023 ஜனவரியில் இப்படி நீட்டித்தார்கள். காலாவதியான கார்டும் அந்த ரசீதும் சேர்ந்தால் முழுக் கார்டுக்குச் சமம். வேலை போய்விடுமா என்று கேட்டீர்களே, போகாது. காப்பகத்தில் கேட்டால் இரண்டையும் காட்டுங்கள்.

விவாகரத்து வழக்கில் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இதற்குத்தான் அவசரம். காகிதம் கைக்கு வந்த 30 நாளில் பதில் மனுப் போட வேண்டும். ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை. அன்றுவரை இழுக்காமல் முந்தைய வாரமே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் அவர் சொன்னபடியே வழக்கு முடிந்துவிடலாம்.

பதில் எழுதுவதற்கு முன் அவர் போட்ட மனுவின் முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எஃப்.எல்-100 என்று மூலையில் இருக்கும். மேலே மூன்று கட்டங்கள்: விவாகரத்து, சட்டப்படி பிரிந்திருத்தல், திருமணம் செல்லாது என்று அறிவித்தல். எதை டிக் செய்திருக்கிறார் என்று பாருங்கள். விவாகரத்து என்றால் பிரச்சினை இல்லை. கலிபோர்னியாவில் 1970 முதலே யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஒத்துப்போகாத வேறுபாடுகள் என்ற ஒரு வரி போதும். மூன்றாவது கட்டத்தை டிக் செய்து, மோசடி என்ற காரணத்தையும் குறித்திருந்தால் கதையே வேறு. 'கார்டுக்காக என்னை ஏமாற்றிக் கட்டிக்கொண்டாள்' என்று ஒரு கோர்ட் தீர்ப்பு எழுதிவிட்டால் அதை இமிகிரேஷன் அதிகாரியின் மேசையில் துடைத்தெடுப்பது மிகக் கஷ்டம். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை மேலே படிக்காமல் இன்றே குடும்ப வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதே படிவத்தில் 'பிரிந்த தேதி' என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. அவர் அங்கே என்ன எழுதியிருக்கிறார்? நீங்கள் 2025 பிப்ரவரி என்கிறீர்கள். அவர் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ 2024 ஜனவரி என்று எழுதியிருந்தால், வந்து இரண்டே மாதத்தில் பிரிந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். ஐ-751-இல் நீங்கள் ஒரு தேதி சொல்லி, இணைத்த கோர்ட் காகிதம் வேறு தேதி சொன்னால் அதிகாரியின் பேனா அங்கேதான் நிற்கும். பதில் மனுவில் உங்கள் தேதியை எழுதுங்கள். தோழி வீட்டுக்குப் போன நாளைக் காட்ட ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெட்டியோடு ஏறிய ஊபர் ரசீது போதும்.

சொத்து, ஜீவனாம்சம் என்று வழக்கு இழுக்கும் போலிருந்தால், திருமண நிலையை மட்டும் தனியாகப் பிரித்து முதலில் முடித்துத் தரும்படி கோர்ட்டைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் கிடைக்காது, ஆனால் இரண்டு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வேவருக்கு வேண்டியது திருமணம் முடிந்த தேதி மட்டும்தான். யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற சண்டை அது பாட்டுக்கு நடக்கட்டும்.

'என்னிடம் ஒரு காகிதமும் இல்லை' என்று எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் கூட்டாக இருந்தால் வசதி, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து மாதம் ஒரு வீட்டில் வாழ்ந்த இருவர் காகிதமே இல்லாமல் வாழ்ந்திருக்க முடியாது. 2023, 2024-க்கு வரிக் கணக்கைச் சேர்ந்து தாக்கல் செய்தீர்களா? அதன் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பதிவு நகலை, வரித்துறையான ஐ.ஆர்.எஸ். உங்களுக்கு இலவசமாகவே தரும், கணவரைக் கேட்க வேண்டியதில்லை. இருக்கும் சான்றுகளில் கனமானது அது. அவர் வேலையிடத்து மருத்துவ இன்சூரன்ஸில் உங்களைச் சேர்த்திருந்தால் அந்த அட்டை. கார் இன்சூரன்ஸில் இரண்டாவது ஓட்டுநராக உங்கள் பெயர். ஒரே ஃபேமிலி பிளானில் இரண்டு போன் எண்கள். அந்த வீட்டு முகவரிக்கு உங்கள் பெயரில் வந்த அமேசான் பார்சல்கள், காஸ்ட்கோ அட்டை, பல் டாக்டரிடம் அவசரத் தொடர்புக்கு அவர் பெயரை எழுதிக் கொடுத்த படிவம். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். பதினைந்து மாதத்துக்கும் மாதம் ஒன்றாக வரிசைப்படுத்தி வைத்தால் ஒரு குடும்பம் தெரியும்.

நீங்கள் மறந்துவிட்ட இன்னொரு காலமும் இருக்கிறது. கல்யாணத்துக்கும் விசாவுக்கும் நடுவே பதினைந்து மாதம் பிரிந்து இருந்தீர்கள். அப்போதைய வீடியோ அழைப்புப் பட்டியல், அவர் உங்களைப் பார்க்க வந்த விமானச் சீட்டு, அனுப்பிய பணம், கல்யாணப் படங்கள். படம் நானூறு வேண்டாம். இருபது போதும், ஒவ்வொன்றின் அடியிலும் நாள், இடம், உடன் இருப்பவர் யார் என்று எழுதுங்கள். விசாவுக்காக அவர் முன்பு கொடுத்த சான்றுகளும் அரசாங்கக் கோப்பில் அப்படியேதான் இருக்கின்றன. தகவல் கோரும் சட்டப்படி மனுப் போட்டு உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கலாம். தாமதமாகும், ஆனால் கேட்டு வையுங்கள்.

உங்கள் இருவரையும் நேரில் தெரிந்த இரண்டு பேராவது எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் வேண்டும். 'நல்ல ஜோடி' என்று எழுதுவதால் பயனில்லை. எந்த நாள், யார் வீடு, என்ன பார்த்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த வாக்குமூலம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இணையத்தில் கிடைக்கும் மாதிரியைக் காப்பி அடிக்காதீர்கள். 'நாங்கள் அன்போடும் பாசத்தோடும் வாழ்ந்தோம்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் எழுதி வந்தது நினைவிருக்கிறது: வந்த முதல் வாரம் தூக்கம் பிடிக்காமல் இருவரும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உப்புமா கிண்டியது, புகை அலாரம் அலறியது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியது. பொய்க் கல்யாணம் செய்துகொண்டவருக்கு அந்த அலாரம் தெரியாது. முதலில் எப்படிச் சந்தித்தீர்கள் என்பதிலிருந்து தொடங்கி எப்போது கசந்தது, சரிசெய்ய என்ன முயன்றீர்கள் என்பதுவரை எழுதுங்கள். கவுன்சிலிங் போயிருந்தால் அந்த ரசீதையும் சேருங்கள். கணவரைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அது வேறு வழக்கு.

அந்த வேறு வழக்கு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பாஸ்போர்ட் அவரிடம் இருப்பதாக ஒரே வரியில் எழுதிக் கடந்துபோய்விட்டீர்கள். மறந்து வைத்துவிட்டு வந்தீர்களா, பூட்டி வைத்துக்கொண்டாரா? அடித்தாரா, பணம் கொடுக்காமல் வைத்தாரா, யாரிடமும் பேச விடாமல் தடுத்தாரா? அடிதடியோ கடுமையான மனக்கொடுமையோ இருந்தால் அதற்கென்று தனி வேவர் உண்டு. அதற்கு விவாகரத்து முடிந்திருக்க வேண்டும் என்பதே இல்லை, உங்கள் ஐந்து வாரச் சிக்கலும் தீர்ந்துவிடும். நீங்கள் சொல்வது கணவர் காதுக்குப் போகக்கூடாது என்று சட்டமே காப்பு தருகிறது. நடந்திருந்தால் கூச்சப்படாமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் வசதிக்காக ஊதிப் பெருக்காதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை: முகவரி மாற்றம். வீடு மாறிய பத்து நாளில் ஏஆர்-11 படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே செய்யவில்லை என்றால் இப்போதாவது இணையத்தில் போய் மாற்றுங்கள், ஐந்து நிமிடம் ஆகும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்த ஒருவருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் முன்னாள் கணவர் வீட்டுத் தபால்பெட்டிக்குப் போனது. அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. தேர்வுக்கு வரவில்லை என்று மனு தள்ளுபடி, அப்புறம் கோர்ட், ஒன்றரை வருட அலைச்சல்.

ஒருவேளை உங்கள் மனு தள்ளுபடியானால்கூட அன்றே பெட்டி கட்ட வேண்டியதில்லை. இமிகிரேஷன் கோர்ட்டுக்கு நோட்டீஸ் வரும், அங்கே நீதிபதி உங்கள் ஆதாரங்களை முதலிலிருந்து புதிதாகப் பார்ப்பார். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். அவர் இறுதி உத்தரவு போடும்வரை நீங்கள் வேலை செய்யலாம்.

ஜீவனாம்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். உங்களை அழைத்துவரும்போது கணவர் ஐ-864 என்றொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். உங்கள் வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அரசாங்கத்துக்குக் கொடுத்த ஒப்பந்தம் அது. விவாகரத்தால் அது முடிவதில்லை. நீங்கள் குடியுரிமை பெறுவது, 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேருவது, குடியிருப்பை விட்டு நாட்டைவிட்டே போவது, இறப்பு என்று சில காரணங்களால்தான் முடியும். 2025-இல் தனிநபருக்கு வறுமைக்கோடு வருடம் 15,650 டாலர், 125 சதவீதம் என்றால் 19,562. காப்பகத்தில் உங்களுக்கு 14,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால் மீதி ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு அவர் பொறுப்பு. பெரிய தொகை இல்லை. ஆனால் குடும்ப வழக்கறிஞர்களில் பலருக்கு இந்தப் படிவம் நினைவுக்கு வராது. நீங்களே ஐ-864 என்று வாய் திறந்து சொல்லுங்கள். சமரச ஒப்பந்தம் எதிலும் அதைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடியுரிமையில் ஒரு மாற்றம் உண்டு. குடிமகனின் மனைவி என்ற முறையில் மூன்று வருடத்தில் கேட்கும் சலுகை போய்விட்டது. எல்லோரையும் போல ஐந்து வருடம். நிபந்தனைக் காலமும் கணக்கில் சேரும் என்பதால் 2028 ஆகஸ்ட் 16 முதல் விண்ணப்பிக்கலாம். மறுமணம் என்று ஒரு நாள் வந்து, அவர் வெளிநாட்டில் இருந்தால், கிரீன் கார்டு வைத்துக்கொண்டு அவருக்கு மனுப் போடுவதற்கும் ஐந்து வருட நிபந்தனை ஒன்று இருக்கிறது. முதல் திருமணம் உண்மையானது என்று பலமாக நிரூபித்தால் முன்பே போடலாம், குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. இப்போது தயார் செய்யும் ஆதாரக் கட்டை அதற்காகவும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் நிலையில் இல்லாத, ஆனால் இதே பயத்தோடு படிக்கிற சிலருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பத்து வருட கார்டு வைத்திருப்பவருக்கு விவாகரத்தால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. கணவரின் கம்பெனி மூலம் குடும்பமாகக் கிரீன் கார்டு வாங்கிவிட்டவருக்கும் அப்படியே. கார்டு இன்னும் கைக்கு வராமல் மனு நிலுவையில் இருப்பவருக்குத்தான் ஆபத்து. தீர்ப்பு வந்த அன்றே திருமணத்தை நம்பிய மனு விழுந்துவிடும். வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவருக்கும் அதே கதி, வேலை போனவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் விவாகரத்துக்குக் கிடையாது. ஆகவே தீர்ப்புக்கு முன்பே படிப்பு விசாவோ வேலை விசாவோ மாற்றப் பாருங்கள்.

வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து 'கன்சல்டன்ட்', 'நோட்டரி' என்று போர்டு மாட்டியவர்களிடம் போகாதீர்கள். இமிகிரேஷனில் ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும், நீதித்துறை அங்கீகரித்த சேவை அமைப்புப் பிரதிநிதிக்கும்தான் உரிமை. இரண்டாவது வகையினர் குறைந்த கட்டணத்தில் செய்து தருவார்கள்.

தம்பி கல்யாணத்துக்கு வருவோம். போய்விட்டு வரலாம். மனு நிலுவையில் இருக்கும்போது பயணம் செய்யத் தடையில்லை. இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டினால் குடியுரிமைக் கணக்கு இடறும், ஒரு வருடம் தாண்டினால் கார்டையே கைவிட்டதாகச் சொல்வார்கள். கைரேகைக்கோ நேர்முகத்துக்கோ தேதி வந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். கையில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், காலாவதியான கார்டு, ரசீதுக் கடிதத்தின் அசல். போனில் எடுத்த படம் உதவாது. திரும்பி வரும்போது விமானக் கம்பெனி கவுண்டரில் இருப்பவர் கார்டின் தேதியைப் பார்த்துத் தயங்கினால் ரசீதில் 48 மாதம் என்ற வரியைக் காட்டுங்கள். இந்த மூன்றில் இப்போது உங்களிடம் இல்லாதது பாஸ்போர்ட். அதைத் திருப்பித் தரும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் இந்த மாதமே எழுத்தில் கேளுங்கள், டிசம்பர் வரை விடாதீர்கள்.